கேவர்ன் செங்கலும் எங்க ஊர்க் கொட்டகையும்

என் மேசையில் ஒரு அரைச் செங்கல் இருக்கு. காகிதம் பறக்காமல் இருக்க வெச்சிருக்கேன்னு வீட்டில் நினைக்கிறார்கள். தேவாரத்தில் ஒரு பழைய நாடகக் கொட்டகையின் முன்பக்கத்தை ரோட்டுக்காக இடித்தபோது எடுத்து வந்தது. அப்பா அந்தக் கொட்டகையில் வள்ளி திருமணம் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்திருக்கிறார்.

இப்படிச் செங்கல் பொறுக்குகிற பைத்தியம் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். போன மாதம் வெளிநாட்டில் இருக்கும் நண்பர் ஒரு ஏலப் படத்தை அனுப்பினார். அதுவும் செங்கல்தான். லிவர்பூல் கேவர்ன் கிளப்பின் செங்கல்.

கேவர்ன் 1957 ஜனவரியில் மேத்யூ தெருவில் ஒரு கிடங்கின் நிலவறையில் தொடங்கியது. 1961க்கும் 1963க்கும் நடுவில் பீட்டில்ஸ் அங்கே 250 தடவைக்கு மேல் வாசித்தார்கள். 1973இல் அதை மூடினார்கள். நிலத்தடி ரயிலுக்குக் காற்றுப்போக்கி கட்டணும் என்று காரணம் சொன்னார்கள். கடைசியில் அந்தக் காற்றுப்போக்கியைக் கட்டவே இல்லை! மேலே இருந்த கட்டடத்தை இடித்து, நிலவறையை மூடி, கார் நிறுத்துமிடமாக்கி விட்டார்கள். எண்பதுகளில் தோண்டிப் பார்த்தபோது பழைய வளைவுகளைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தது. எடுத்த செங்கல்களில் சுமார் 15,000ஐ வைத்துப் புதிய கேவர்னைக் கட்டி 1984இல் திறந்தார்கள். இன்னொரு 5,000 செங்கலை ஒன்று ஐந்து பவுண்டு என்று விற்று, பணத்தை ஸ்ட்ராபெரி ஃபீல்ட் குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுத்தார்கள். பாட்டில் வருகிற அதே ஸ்ட்ராபெரி ஃபீல்ட்தான்.

தேடத் தேட நிறைய கிடைத்தது. அமெரிக்காவின் நாஷ்வில்லில் கிராண்ட் ஓல் ஓப்ரி நிகழ்ச்சி 1974இல் ரைமன் அரங்கத்தை விட்டுப் புது இடத்துக்குப் போனபோது, பழைய மேடையிலிருந்து ஆறடி அகல வட்டமாக ஓக் பலகையை அறுத்தெடுத்துப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். பாடுகிறவர் அந்த வட்டத்தில் நின்றுதான் பாடுகிறார். மான்செஸ்டரில் ஹசியெண்டா கிளப் மூடிய பிறகு, அதன் நடனத் தளப் பலகையில் பீட்டர் ஹுக் தனக்குப் பேஸ் கிடார்கள் செய்துகொண்டார். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. பலகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் மறுபடி வாசிக்க வைத்துவிட்டார்.

நம்ம பக்கம் ஏன் இந்தப் பழக்கம் இல்லை? சேகரிக்கக் கட்டடம் இருந்தால்தானே. எங்க பக்கத்து ஊர் பண்ணைப்புரம். பாவலர் வரதராஜன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் எஸ்டேட் தொழிலாளர்கள் நடுவில் பாடியதற்கு எந்தச் சுவரைப் போய்ப் பெயர்ப்பது? தெருமுனைதான் மேடை. திருவிழாக் கச்சேரி என்றால் விடிந்ததும் பந்தல்காரர் கீற்றையும் கம்பையும் வண்டியில் ஏற்றிவிடுவார்.

அவர் தம்பி இளையராஜாவுக்குக் கட்டடம் இருந்தது, சென்னையில் பிரசாத் ஸ்டுடியோ. பல பத்தாண்டுகள் அங்கேதான் இசையமைத்தார். பிறகு இடத்தைப் பற்றிய வழக்கு. 2020 டிசம்பரில் நீதிமன்றம் ஒரு நாள் உள்ளே போய்வர அனுமதி கொடுத்தும் அவர் போகவில்லை. 2021 பிப்ரவரியில் கோடம்பாக்கத்தில் சொந்த ஸ்டுடியோ திறந்தார். அந்த அறையிலிருந்து எங்க ஊர்க்காரன் ஒருத்தன் கையில் ஒரு மரச்சில்லு கிடைத்திருந்தால் அதைச் சாமி அறையில் வைத்திருப்பான். சந்தேகமே இல்லை.

ஆனால் செங்கலோ மரச்சில்லோ, அதில் சத்தம் இல்லை. என் செங்கலில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. "முன்பக்கம்னா டிக்கெட் கொடுத்த இடம். அங்க ஏது பாட்டு?" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அறையின் சத்தத்தையே எடுத்து வைக்கும் வழி ஒன்று உண்டு. வெனிஸ் நகரத்து லா ஃபெனிச்சே ஓபரா அரங்கம் 1996 ஜனவரி 29 இரவு எரிந்துபோனது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் ஒலியியல் ஆய்வாளர்கள் அங்கே அளவெடுத்திருந்தார்கள். கட்டடம் சாம்பலான பிறகும் அது எப்படி ஒலித்தது என்பது பதிவாக இருந்தது.

விஷயம் எளிது. காலி அறையில் ஒரு பலூனை உடையுங்கள். அந்த 'டப்' சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து அடங்கும். அதைப் பதிந்தால் கிடைப்பதுதான் அந்த அறையின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். சி.டி. தரத்தில் நொடிக்கு 44,100 எண்கள். இரண்டு நொடிக்கு 88,200 எண்கள். 200 கேபி கூட வராது. வேறு எங்கேயோ பதிந்த பாட்டின் ஒவ்வொரு எண்ணையும் இந்த வரிசையோடு பெருக்கி, ஒன்றின் மேல் ஒன்றாகத் தள்ளித் தள்ளிக் கூட்டிக்கொண்டே போனால், அந்தப் பாட்டு அந்த அறையில் பாடியது போலக் கேட்கும். கன்வல்யூஷன் என்று இரண்டாம் வருஷம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது இதைத்தான். அன்றைக்கு யாராவது பலூன் உடைத்துக் காட்டியிருந்தால் அரியர் வந்திருக்காது.

அப்பாவின் கேசட் ஒன்று என்னிடம் இருக்கு. கொட்டகையில் பதிந்ததல்ல, எங்க வீட்டு முன்னறையில். ஆர்மோனியம், நடுவில் ஒரு கோழி, அம்மா பாத்திரம் வைக்கும் சத்தம். அதைக் கணினியில் ஏற்றி, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு அரங்கத்தின் ரெஸ்பான்ஸோடு சேர்த்துப் பார்த்தேன். அப்பா ஏதோ பெரிய மாதா கோயிலில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி வந்தது. கோழியும் கோயிலுக்குள் கூவியது.

அவர் வாசித்தது தகரக் கூரையும் மண் தரையும் உள்ள கொட்டகையில். முன்பக்கம் போனாலும் ஹால் இன்னும் நிற்கிறது, குடோனாக. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நாலு பலூனும் ரெக்கார்டருமாகக் கிளம்பினேன். குடோன்காரர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டைத் திறந்தார். உள்ளே கூரை வரைக்கும் இலவம் பஞ்சு மூட்டை. சத்தத்தைக் குடிக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. பலூன் தலையணைக்குள் வெடித்த மாதிரி 'பொத்'தென்று அடங்கியது. பதிவில் திரும்பி வந்த சத்தம் என்று ஒன்றுமே இல்லை.

"மூட்டை போனதும் போன் பண்றேன் தம்பி, அப்ப வந்து உடைங்க" என்றார் குடோன்காரர். கூரைத் தகரத்தையும் இந்த வருஷம் மாற்றப் போகிறாராம். மூட்டை போன பிறகா, அதற்கு முன்னாடியா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். மீதி மூன்று பலூனையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.