வலிக்குத் தடவிய ஜெல்லே வினையானால்...

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நாளெல்லாம் நின்று உழைத்துத் திரும்பும் கணவரின் முழங்காலில் வலி நீக்கும் ஜெல்லைத் தடவி விடுகிறீர்கள். இரண்டொரு நாளில் அவ்விடம் சிவந்து, அரிப்பெடுத்து, நீர்க்கொப்புளங்கள் எழுகின்றன. மருந்து போதவில்லை என்றெண்ணி மேலும் தடவுகிறீர்கள், கொப்புளம் பரவுகிறது. அந்த ஜெல்லே இதற்குக் காரணமாகலாம் என்பதை அறிவீர்களா, சகோதரிகளே?

இது ஒவ்வாமைத் தோலழற்சி. ஒரு பொருளைப் பகையென உடல் அறிந்துகொண்டால், பின்னர் அது தோலில் படும்போதெல்லாம் எதிர்க்கும். அதன் விளைவு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குப் பின்னரே தெரியும். பல்லாண்டு பழகிய மருந்தும் ஒருநாள் ஒவ்வாமற் போகலாம்.

குற்றவாளி யார்?

வலி மருந்துதான் காரணம் என்பதில்லை. ஜெல்லில் சேரும் புரோப்பிலீன் கிளைக்கால், கெடாமல் காக்கும் பொருட்கள், நறுமணம் ஆகியவையும் காரணமாகலாம். அமெரிக்கத் தொடர்புத் தோலழற்சிச் சங்கம் புரோப்பிலீன் கிளைக்காலையே 2018-ஆம் ஆண்டின் ஒவ்வாப் பொருளாக அறிவித்தது. எனவே பெயர் வேறான ஜெல்லை வாங்குவதால் மட்டும் பயனில்லை. அதிலும் அதே பொருள் இருக்கக்கூடும்.

கீட்டோபுரோபென் ஜெல் தடவிய இடத்தில் வெயில் பட்டால் கடும் அழற்சி உண்டாகலாம். தடவும் நாட்களிலும், நிறுத்திய பின் இரண்டு வாரங்களும் அவ்விடத்தை வெயில் படாது மூடி வையுங்கள்.

பெருநாள் மருதாணியும் இதனோடு தொடர்புடையதே! இலை மருதாணியால் தீங்கு அரிது. கருமைக்காகக் கலக்கும் பாராபினைலின்டையமின் ஒவ்வாமற் போனவருக்கு, பல்வலிக்கும் வாய்ப்புண்ணுக்குமான பென்சோகெயின் ஜெல்லும் ஒவ்வாமற் போகலாம்.

செய்ய வேண்டியவை

ஜெல்லை உடனே நிறுத்திக் கழுவுங்கள். ஸ்டீராய்டு களிம்பை நீங்களே வாங்கித் தடவாதீர்கள். ஜெல் குழாயை அட்டைப்பெட்டியுடன் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதியாது மருத்துவமனைக்கு விரையுங்கள்.

காரணப் பொருளைக் கண்டறிய ஒட்டுச் சோதனை உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் தொழில்வழித் தோலழற்சிக்கும் தொடர்புத் தோலழற்சிக்குமெனத் தனித்துறையே இருக்கிறது. அதன் அரசு பொது மருத்துவமனை, கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வந்திறங்கும் சென்ட்ரலுக்கு எதிரில்தான். ஐயத்திற்குரிய பொருட்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பர். ஓரிரு நாளில் மீண்டும் பார்ப்பர். அதுவரை முதுகு நனையலாகாது. முதுகு ஒளுவின் உறுப்பன்று. ஆதலால் தொழுகைக்கு ஒளுச் செய்யத் தடையில்லை.

ஒவ்வாத பொருளின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்திருங்கள்; எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் அதனைக் காட்டுங்கள்.

நோயுற்றால் மருத்துவம் நாடப் பணித்த மார்க்கம் நம்முடையது. அறிந்து மருந்திடுவதும் அதில் அடங்கும். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல சுகத்தைத் தந்தருள்வானாக, ஆமீன்!