அந்தப் பத்தொன்பதாவது பதக்கம் எங்கே போனது, தெரியுமா?

மாரவில, வென்னப்புவப் பக்கம் போனவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். ஒரு தென்னை உச்சியிலிருந்து அடுத்த தென்னை உச்சிக்குத் தும்புக்கயிறு கட்டியிருக்கும். மேற்கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, கீழ்க்கயிற்றில் வெறுங்காலை வைத்து, இடுப்பில் முட்டி ஆட ஆட, கள்ளுச் சீவுகிறவர் மரத்துக்கு மரம் போவார். கீழே நிற்கிற நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

இப்போது அந்த மேற்கயிற்றை அறுத்துவிடுங்கள். பிடிக்க ஒன்றுமில்லை. காலுக்குக் கீழே கயிற்றுக்குப் பதிலாக ஒரு மரக்கட்டை: நீளம் 5 மீற்றர், அகலம் வெறும் 10 சென்ரிமீற்றர். மேசையைவிட உயரத்தில் நிற்கும் அந்தக் கட்டையின் மேல் நடந்தால் மட்டும் போதாது. துள்ள வேண்டும், சுழல வேண்டும், கரணம் போட வேண்டும். அதோடு முகத்தில் சிரிப்பும் இருக்க வேண்டும்! ஜிம்னாஸ்டிக்ஸில் ‘பீம்’ என்பது இதுதான். இன்றைக்கு அதற்கு மெத்தென்று ஓர் உறையாவது உண்டு. 1950களில் அதுவும் இல்லை, வெறும் மரம்.

அந்த வெறும் மரத்தில் ஏறியவர்களில் ஒருவர் லரிசா லதினினா. சோவியத் ஒன்றியத்துக்காக ஆடியவர். அவர் வென்ற ஒலிம்பிக் பதக்கங்கள் எத்தனை தெரியுமா? 18! அதில் தங்கம் 9, வெள்ளி 5, வெண்கலம் 4. இலங்கை என்கிற நம் நாடு முழுவதும் சேர்ந்து இதுவரை வென்றது எத்தனை? இரண்டு. 1948 லண்டனில் டங்கன் வைட், 2000 சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க. கோபப்படாதீர்கள், கணக்கைத்தான் சொன்னேன்.

ஆனால் என்னைக் கேட்டால், ஆச்சரியம் 18இல் இல்லை. அவர் மூன்று ஒலிம்பிக்கில் மொத்தம் எத்தனை போட்டிகளில் இறங்கினார் தெரியுமா? 19! மெல்பேர்ண் 1956இல் ஏழு, ரோம் 1960இல் ஆறு, டோக்கியோ 1964இல் ஆறு. பத்தொன்பது தடவை இறங்கி பதினெட்டு தடவை பதக்கத்தோடு வந்திருக்கிறார். வெறுங்கையோடு திரும்பியது ஒரேயொரு தடவை.

அது எது? மெல்பேர்ண், 1956, பீம். ஹங்கேரியின் ஆக்னெஸ் கெலெட்டிக்குத் தங்கம். இரண்டாம் இடத்தில் இருவர் சமமாக வந்ததால் இருவருக்கும் வெள்ளி. அதனால் வெண்கலம் யாருக்கும் இல்லை! லதினினாவுக்கு நான்காம் இடம். அன்று அந்த இருவரும் சமமாக வராமல் இருந்திருந்தாலும் அவர் நான்காவதுதான், ஆனாலும் உரிமையாளர் இல்லாத அந்த வெண்கலத்தை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அந்தக் கெலெட்டிக்கு அப்போது என்ன வயது தெரியுமா? 35! லதினினாவுக்கு 21. தரைப் பயிற்சியில் இந்த இருவரும் சமமாக நின்று தங்கத்தைப் பங்குபோட்டார்கள். யூதரான கெலெட்டி, இரண்டாம் உலகப்போரில் பொய்ப் பெயரில் ஒளிந்திருந்து உயிர் தப்பியவர். மெல்பேர்ணில் ஆடிக்கொண்டிருந்தபோது அவர் நாட்டுக்குள் சோவியத் டாங்கிகள் நின்றன. போட்டி முடிந்ததும் அவர் ஊர் திரும்பவில்லை, பிறகு இஸ்ரேலில் குடியேறினார். 2025 ஜனவரியில், 104ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் கண்ணை மூடினார்.

சரி, பீமுக்கு வருவோம். கைவிட்டுப் போன அந்தக் கட்டையை லதினினா எப்போது பிடித்தார் தெரியுமா? இரண்டே ஆண்டில், மொஸ்கோவில் நடந்த 1958 உலக சாம்பியன்ஷிப் போட்டியில். பீமில் தங்கம். மொத்தம் ஆறில் ஐந்து தங்கம், மிச்சம் ஒன்று வெள்ளி. இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? அப்போது அவர் கர்ப்பிணி! போட்டி ஜூலையில், மகள் பிறந்தது அதே ஆண்டு டிசம்பரில். நம் வீடுகளில் நாலு மாதத்துக்காரியை வாளித் தண்ணீர் தூக்க விடுவோமா? குழந்தை பிறந்து இரண்டு வருடத்தில் ரோமில் மறுபடி ஆறு பதக்கம்!

இத்தனைக்கும் சின்ன வயதில் அவர் ஆசைப்பட்டது பாலே நடனத்துக்கு. உக்ரேனில் டினீப்பர் ஆற்றங்கரைத் துறைமுக நகரான கெர்சோனில் 1934இல் பிறந்தவர். அப்பா ஸ்டாலின்கிராட் போரில் மடிந்தார். நடன ஆசிரியர் ஊரைவிட்டுப் போய்விட, பிள்ளை ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கம் திரும்பியது. அந்த ஆசிரியர் இன்னும் நாலு வருடம் கெர்சோனிலேயே இருந்திருந்தால்? நடனம் கால்களை விட்டுப் போகவில்லை என்பதற்குச் சாட்சி, தரைப் பயிற்சியில் 1956, 1960, 1964 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் அவருக்கே தங்கம்.

பிற்பாடு பயிற்றுநரானார். அவர் பொறுப்பில் சோவியத் பெண்கள் அணி 1968, 1972, 1976 மூன்றிலும் தங்கம். ஆனால் அந்த 1976இல்தான் மொன்ட்ரியலில் 14 வயது ருமேனியப் பிள்ளை நாடியா கொமனேச்சி முழுசாகப் 10 புள்ளி எடுத்தாள். அறிவிப்புப் பலகைக்கு 10 காட்டத் தெரியாமல் 1.00 என்று காட்டியது! பெண்கள் ஆடிய விளையாட்டு சிறுமிகள் ஆடும் விளையாட்டாக மாறிப்போயிருந்தது.

எங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் கொப்பிகளுக்கு உறை போட சோவியத் சஞ்சிகைத் தாள்தான் வேண்டும் என்று அடம்பிடிப்போம். வழுவழுப்பு, கலர், உப்புக் காற்றுக்குச் சீக்கிரம் இற்றுப்போகாது. என் பூமிசாத்திரக் கொப்பியில் அப்படியொரு ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளை தலைகீழாக நின்றாள். பெயர் தெரியாது. படம் தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கிறது என்று ஆசிரியர் என்னை ஏசியது மட்டும் நினைவிருக்கிறது.

லதினினாவின் 18ஐ முறியடிக்க உலகத்துக்கு எத்தனை வருடம் பிடித்தது தெரியுமா? 48! 2012 ஜூலை 31, லண்டன். மைக்கேல் ஃபெல்ப்ஸ் 19ஆவது பதக்கத்தை வென்றார். 77 வயது லதினினா அதே அரங்கில் உட்கார்ந்து பார்த்தார். பெண்களில் 9 தங்கம் என்ற கணக்கை 2024 பாரிஸில்தான் நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி எட்டிப் பிடித்தார். தொட்டார், தாண்டவில்லை.

இன்னொன்று. லதினினா கடைசியாக ஒலிம்பிக் ஆடிய அதே டோக்கியோவில், 57 ஆண்டு கழித்து, 2021இல் இறங்கிய 18 வயதுப் பிள்ளை யார் தெரியுமா? மில்கா கெஹானி. ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இலங்கைக்காக ஆடிய முதல் ஆள்!

ஒலிம்பிக்கில் இறங்கிய இந்தியாவின் முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்ணையும் விட்டுவிடக் கூடாது. திரிபுராவின் தீபா கர்மாகர். பிறவியிலேயே தட்டைப் பாதம், இந்த விளையாட்டுக்கு ஆகவே ஆகாத பாதம். ஆரம்பத்தில் பழைய ஸ்கூட்டர் உதிரிகளால் செய்த கருவியில் பழகியவர். 2016 ரியோவில் அவர் பாய்ந்தது ‘ப்ரொடுனோவா’: கையூன்றி எகிறி, காற்றில் முன்பக்கமாக இரண்டு கரணம். ஆபத்தானது என்று பலர் கிட்டவே போகாத பாய்ச்சல். அதன் பெயர்க்காரி யெலெனா ப்ரொடுனோவா சோவியத் காலத்தில் பிறந்து ரஷ்யாவுக்கு ஆடியவர். தீபாவுக்கு 15.066 புள்ளி, வெண்கலத்துக்கு 0.150 குறைவு. எத்தனையாம் இடம்? நான்காம் இடம். மெல்பேர்ணுக்குச் சரியாக 60 வருடம் கழித்து!

போன கிழமை உடப்புக் கடற்கரையில் ஈர மணலில் இரண்டு கோடு கிழித்தேன். நீளம் ஐந்து மீற்றர், அகலம் பத்து சென்ரிமீற்றர். என் பாதத்தை வைத்தால் இரண்டு பக்கமும் கோட்டைத் தின்றது. மருமகள் நடந்து பார்த்தாள், சரிதான். கரணம் போட்டாள், இரண்டு காலும் கோட்டுக்கு வெளியே. ஏழாவது தடவை ஒரு கால் மட்டும் உள்ளே விழுந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்தவளுக்கு இந்தக் கதையெல்லாம் சொன்னேன்.

“நாலாவதா வந்தா என்ன குடுப்பாங்க மாமா?”

“சோவியத்துல ஒண்ணுமில்ல. இந்தியாவுல கேல் ரத்னா, அடுத்த வருசம் பத்மஸ்ரீ.”

கொஞ்சம் யோசித்தாள்.

“நம்ம நாட்டுல?”

நான் பதில் சொல்வதற்குள், அழிந்த கோட்டைக் குதிகாலால் மறுபடி இழுக்கத் தொடங்கிவிட்டாள்.