டிராகுலாவை வென்ற பேக்கப் காப்பி!

கொப்போலாவின் ‘டிராகுலா’ (1992) படத்தை டிவிடியில் பார்த்தேன். பெரும்பாலும் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாமல், ஒரே பிலிமில் இருமுறை படம்பிடிப்பது போன்ற பழைய கேமரா தந்திரங்களால் அசத்தியிருக்கிறார்கள். உடை, மேக்கப் உட்பட 3 ஆஸ்கார் விருதுகள். ஆனால் பயம்தான் வரவில்லை! நாவலில் இல்லாத காதலைச் சேர்த்து, டிராகுலாவுக்காக உருக வைத்துவிட்டார்கள்.

பிராம் ஸ்டோக்கரின் நாவலில் (1897) மீனா, எல்லோருடைய டைரிகளையும் போனோகிராப் பதிவுகளையும் டைப் செய்து தேதிவாரியாக அடுக்குகிறாள். டிராகுலா அவற்றை எரித்துவிடுகிறான். நல்லவேளை, இரும்புப் பெட்டியில் இன்னொரு காப்பி இருக்கிறது! ஹார்ட் டிஸ்க் பழுதாகி கல்லூரிப் போட்டோக்களை இழந்த என்னை உலுக்கியது அந்த இடம்தான். புத்திசாலி மீனாவைக் காதலியாகச் சுருக்கியதே படத்தின் குறை.

உங்கள் பைல்களுக்கு இன்னொரு காப்பி இருக்கிறதா? இன்றே எடுத்து வையுங்கள்.