12 லட்சம் வரை வரி இல்லை... நூறு நாள் வேலைக்குக் கூடுதல் ரூபாயும் இல்லை!

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. மக்களவையில் தன் எட்டாவது தொடர் பட்ஜெட்டை வாசித்துக்கொண்டிருந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 542-ஆவது குறளை எடுத்துச் சொன்னார். மழையை நம்பி உயிர்கள் வாழ்வதுபோல நல்லாட்சியை நம்பிக் குடிமக்கள் வாழ்கிறார்கள் என்பது அதன் கருத்து. தொடர்ந்து வருமான வரி அறிவிப்புகள் வந்தன. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை சம்பாதிப்பவர்கள் புதிய வரி முறையில் வரி கட்ட வேண்டியதில்லை என்றதும் ஆளுங்கட்சி வரிசைகளில் மேசைகள் அதிர்ந்தன.

மாதச் சம்பளக்காரர்கள் நெடுநாளாகக் கேட்டுவந்த நிவாரணம் அது. கொடுத்ததில் தவறே இல்லை. ஆனால், அதே பட்ஜெட்டின் செலவுப் பக்கங்களையும் சேர்த்துப் படித்தால்தான் அரசு யாரை முன்வரிசையில் உட்கார வைத்தது, யாரைக் காத்திருக்கச் சொன்னது என்பது தெரியும்.

யாருக்கு எவ்வளவு மிச்சம்?

சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு என்பதால், அவர்களுக்கான வரம்பு 12.75 லட்சம். முந்தைய ஆண்டின் புதிய வரி முறையில், அந்த வரம்பு அளவுக்குச் சம்பளம் வாங்கியவர்கள் 80,000 ரூபாய் வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் கட்டியிருப்பார்கள். இப்போது அது பூஜ்யம்.

இதில் பலரும் கவனிக்கத் தவறிய நுணுக்கம் ஒன்று உண்டு. வரி விலக்கு வரம்பு உண்மையில் 4 லட்சம்தான். அதற்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10 சதவீதம் எனக் கணக்கு ஓடுகிறது. அப்படி வரும் 60,000 ரூபாய் வரியை அரசே தள்ளுபடி செய்கிறது. பங்கு விற்ற லாபம் போன்ற, தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. 12 லட்சத்தை 10,000 ரூபாய் தாண்டிவிட்டால் மொத்த வரியும் தலையில் விழுமோ என்ற பயம் வேண்டாம். தாண்டிய அந்த 10,000 ரூபாய்க்கு மேல் வரி போகாதபடி விதியிலேயே பாதுகாப்பு இருக்கிறது.

இனி பலனைப் பாருங்கள். ஆண்டுக்கு 7.75 லட்சம் வரை சம்பளம் வாங்கியவருக்கு முந்தைய ஆண்டே வரி கிடையாது. ஆகவே, இந்த பட்ஜெட்டால் அவருக்குப் புதிதாக ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. 12 லட்சம் வருமானம் உள்ளவருக்கு 80,000 ரூபாய் மிச்சம். 25 லட்சம் உள்ளவருக்கு 1,10,000 ரூபாய்.

இந்தச் சலுகையால் அரசு இழக்கும் நேரடி வரி சுமார் 1 லட்சம் கோடி ரூபாய் என்று நிதியமைச்சரே அறிவித்தார். 140 கோடி பேர் வாழும் நாட்டில் 2023-24 நிதியாண்டுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்தவர்கள் சுமார் 8 கோடி பேர். அவர்களிலும் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்ட வேண்டிய வரி எதுவும் இருக்கவில்லை.

25 நாள் வட்டி

அதே பட்ஜெட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 86,000 கோடி ரூபாய். முந்தைய ஆண்டும் அதே 86,000 கோடிதான். கொரோனா காலமான 2020-21-இல் இந்தத் திட்டத்துக்கு 1 லட்சம் கோடிக்கு மேல் செலவானது. விலைவாசி ஏறியிருந்தது, தினக்கூலி ஏறியிருந்தது. தொகை மட்டும் அசையவில்லை. பட்ஜெட்டுக்குச் சில வாரங்கள் முன்புதான், தமிழகத் தொழிலாளர்களுக்கு வர வேண்டிய 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கியை விடுவிக்கக் கோரி முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

பணமே இல்லையா? அந்த பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி. நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,500 கோடி. அதாவது, நாடு முழுவதும் ஓராண்டுக்கு நூறு நாள் வேலைக்கு ஒதுக்கிய தொகை, அந்த ஆண்டு மத்திய அரசு 25 நாளில் கட்டும் வட்டிக்குச் சமம். பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி. சாலை, ரயில் போன்ற மூலதனச் செலவுக்கு 11.21 லட்சம் கோடி. வரவுக்கு மேல் போகும் 15.69 லட்சம் கோடியைக் கடன் வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டியிருந்தது.

2020-21-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9.2 சதவீதமாக இருந்த நிதிப் பற்றாக்குறையை 4.4 சதவீதமாகக் குறைக்க இலக்கு வைத்தது நல்ல ஒழுங்கு. ஆனால், ஒரு பக்கம் வரியை விட்டுக்கொடுத்து, மறுபக்கம் பற்றாக்குறையையும் குறைக்க வேண்டுமென்றால், நெருக்கடி எங்கோ ஓரிடத்தில் இறங்கத்தான் செய்யும்.

வரவுப் பக்கத்திலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. அந்த பட்ஜெட்டின்படி, அரசுக்கு வரும் ஒரு ரூபாயில் வருமான வரியின் பங்கு 22 பைசா. கம்பெனிகள் கட்டும் வரி 17 பைசாதான். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியின் அடிப்படை விகிதம் 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, அரசு விட்டுக்கொடுத்தது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய். தனிநபர்களுக்கு இந்த அளவுக்குச் சலுகை வர அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

மாநிலங்களின் பையிலிருந்தும்...

வருமான வரி, மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டிய வரி. அன்றைய நிதிக்குழுப் பரிந்துரைப்படி அதில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு. எனவே, டெல்லி அறிவித்த சலுகையின் சுமையில் ஐந்தில் இரண்டு பங்கை மாநிலங்களே தாங்குகின்றன. பகிர்வுத் தொகையில் தமிழகத்தின் பங்கு அப்போது 4.079 சதவீதம். கணக்குப் போட்டால், தமிழகத்துக்கு வராமல் போனது தோராயமாக 1,670 கோடி ரூபாய். ஆனால், செஸ்ஸும் சர்சார்ஜும் பங்கீட்டுக்குள் வராது. அவை முழுக்க மத்திய அரசுக்கே.

தமிழகத்துக்கு நன்மையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பாதி பதப்படுத்தப்பட்ட 'வெட் புளூ' தோலுக்கு இறக்குமதி வரி நீக்கப்பட்டது. கிரஸ்ட் தோலுக்கான 20 சதவீத ஏற்றுமதி வரியும் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிலுக்கு இவை பயனுள்ள முடிவுகள். வட்டி வருமானத்தில் டிடிஎஸ் பிடிப்பதற்கான வரம்பு மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம் ரூபாயாக இரட்டிப்பானதும், 36 உயிர்காக்கும் மருந்துகளுக்கு அடிப்படை சுங்க வரி நீங்கியதும் அப்படித்தான்.

வருமான வரி கட்டாத கூலித் தொழிலாளியும் சோப்பு, பற்பசை வாங்கும்போதெல்லாம் வரி கட்டுகிறார். ஜிஎஸ்டி விகிதங்கள் பட்ஜெட்டில் முடிவாவதில்லை. மத்திய, மாநில அமைச்சர்கள் அடங்கிய ஜிஎஸ்டி கவுன்சில்தான் முடிவுசெய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்தப் பொருட்களுக்கான வரி 18-லிருந்து 5 சதவீதமானபோதுதான் நிவாரணம் அவர் வீட்டுக்கும் வந்தது. ஆனால், அந்த ஆண்டு டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டமே மாற்றப்பட்டது. புதிய சட்டத்தில் வேலை நாள்கள் 125 என்றாலும், பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும். முன்பு கூலி முழுவதையும் மத்திய அரசே கொடுத்தது.

நடுத்தர வர்க்கத்துக்கு 1 லட்சம் கோடி விட்டுக்கொடுத்த அரசு, கிராமத்துக் கூலிக்கு ஓரிரு பத்தாயிரம் கோடி கூட்டியிருக்க முடியும். அது முடியாததால் நடக்கவில்லை என்பதல்ல, முன்னுரிமை கிடைக்கவில்லை. அடுத்த பட்ஜெட் நாளில் வரி ஸ்லாபைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்துவிடாதீர்கள். ஊரக வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள், சென்ற ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்று பாருங்கள். குறைந்திருந்தால் உங்கள் தொகுதி எம்.பி.யிடம் காரணம் கேளுங்கள்.