இட்டிலித் தட்டில் எண்ணுப் பாடம்

மழலை ஒன்று முதல் பத்து வரை ஒப்பிக்கக் கேட்டுப் பெற்றோர் பூரிப்பது இயல்பே. ஆனால் எண்ணி முடித்ததும், “மொத்தம் எத்தனை?” என்று கேட்டுப் பாருங்கள். மீண்டும் ஒன்றிலிருந்தே தொடங்கும்! இறுதியில் சொன்ன எண்ணே மொத்தம் என்பது அதற்கு இன்னும் விளங்கவில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவின் குழுவினர், 44 குழந்தைகளின் இல்லப் பேச்சை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டனர். 14 முதல் 30 மாதப் பருவத்தில் எண்களை மிகுதியாகக் கேட்ட பிள்ளைகள், நான்கு வயதை நெருங்குகையில் எண்ணின் பொருளை நன்கு அறிந்திருந்தனர். வெறும் ஒப்பித்தலன்று, கண்முன் உள்ள பொருள்களை எண்ணிச் சொல்வதே சிறந்ததென 2011-ஆம் ஆண்டின் ஆய்வு காட்டிற்று.

ஆகவே பெற்றோரே, இட்டிலி பரிமாறுகையில், “ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆக ஐந்து இட்டிலி” என மொத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். “அப்பா ஒன்றை எடுத்துக்கொண்டார், இப்போது எத்தனை?” என்று வினவுங்கள். விடை பிழையாயின் கடிந்துகொள்ள வேண்டா. பிள்ளையின் விரலைப் பிடித்துத் தொட்டு எண்ணச் செய்யுங்கள்.