வாவி வழியே ஒரு வாரம்

பள்ளி விடுமுறை நெருங்கினால் வீடுதோறும் ஒரே கேள்விதான்: இம்முறை எங்கே போவது? நுவரெலியாக் குளிரும் கண்டிப் பெரஹராவும் பலருக்குப் பழகிப்போயின. மேலைநாட்டார் பாய் விரித்த படகேறித் தீவுக்குத் தீவு சென்று ஒரு வாரத்தைக் கழிக்கும் செய்திகளைப் படித்துப் பெருமூச்செறியும் மாணவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். கிரேக்கத் தீவுகள் நம் கைக்கு எட்டாதவை. ஆனால் ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. அதில் ஒரு வாரம் தோணியில் சென்றவர் எத்தனை பேர்?

தீவுகளை மாத்திரம் தேடிப் புறப்படுவோர் ஏமாந்து போவர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நகரத்தின் நடுவான புளியந்தீவே வாவியின் பேர்பெற்ற தீவு. அங்கே பேருந்தில் போகலாம். மாந்தீவு நெடுங்காலம் தொழுநோயாளர் மருத்துவமனை இருந்த இடம்; வேடிக்கை பார்க்கப் போகும் இடமன்று. பெயரில் தீவு இருப்பவை எல்லாம் நாற்புறமும் நீர் சூழ்ந்தவையுமல்ல. ஆகவே தீவுகளுக்குப் பதிலாகத் துறைகளை எண்ணிக்கொள்ளுங்கள். வாவிக்குக் கடல் பக்கத்தே, ஞாயிறு எழும் திசையில் இருப்பது எழுவான்கரை. அது சாயும் திசையில் வயலும் காடுமாய் விரிவது படுவான்கரை. இவ்விரு கரைகளின் துறைகளையும் மாறி மாறித் தொட்டுச் செல்வதே நமது யாத்திரை.

எந்தத் திங்களில் போவது? கார்த்திகை முதல் தை வரை வாடைக் காற்றும் மழையும் வெள்ளமும் உள்ள காலம். அப்போது வாவியை நினைக்கவே வேண்டாம். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளியை மட்டக்களப்பில் முதியோர் இன்னும் மறக்கவில்லை. சித்திரைக்குப் பின் கச்சான் எழும். மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசும் இந்த வெப்பக் காற்றை எல்லோரும் ஏசுவார்கள். தோணிக்காரனோ, அதற்கு முதுகைக் காட்டினால் அது நண்பன் என்பான். இதனாலேயே நகரத்திலிருந்து தெற்கே போகாமல், தெற்கிலிருந்து நகரத்தை நோக்கி வருவதாகத் திட்டமிடுவது நலம். ஆகஸ்ட் விடுமுறையில் காற்று கடுமையாகவே இருக்கும். புலரும் முன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் கரை சேர வேண்டும். படுவான்கரையை ஒட்டியே செலுத்தினால் அக்கரையே காற்றுக்கு மறைப்பாகும். எழுவான்கரைப் பக்கமாகப் போவோர் அலையில் நனைவர்.

வாவியின் பெரும்பகுதி ஆழங்குறைந்தது. அடிக்கட்டை நீண்ட பாய்ப்படகு சேற்றில் குத்தி நின்றுவிடும். தட்டையான அடியும் எளிய பாயும் உள்ள தோணியே தக்கது. காற்று விழுந்தால் கோலூன்றிச் செல்லலாம். பாய்மரம் கழற்றி மடக்கக் கூடியதாக இருக்கட்டும். வழியில் பாலங்கள் பல. வாவியை அறிந்த ஊர்க்காரர் ஒருவர் உடன் வராமல் குழந்தைகளை ஏற்றுவது அறிவுடைமையன்று. இரால் பிடிப்போர் நட்ட கம்புகளும் கட்டிய வலைகளும் எங்கெங்கே உள்ளன என்பது அவருக்கே தெரியும். ஒரு வலையை அறுத்தால் ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் சோறு போயிற்று. ஆளுக்கொரு மிதப்புச் சட்டை கட்டாயம். வாவியில் முதலைகள் உண்டு. கண்டல் மரங்களின் வேர் அடர்ந்த ஓரங்களில் கால் நனைக்க வேண்டாம். நீர் உவர்நீர், ஆதலால் குடிநீரைக் கலங்களில் நிறைத்துக்கொள்க. அரிசியும் அவலும் போதும். மற்றவை கரையில் கிடைக்கும். படுவான்கரை எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கி உண்ணாதவர் இப்பயணம் போனதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்!

துறைநீலாவணையில் தோணி ஏறலாம். அங்கிருந்து நகரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு நான்கைந்து கிலோமீட்டர்தான். 'இவ்வளவுதானா?' என்று கேட்பவர் மோட்டார் வண்டியில் போகட்டும்.

முதல் இரவு மண்டூர். அங்குள்ள முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பர். பூசகர் வாய்கட்டி, மந்திர ஒலியின்றி வழிபடும் மரபு உடையது. எதிரே குருமண்வெளித் துறை. வண்டியையும் ஆளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் பெரிய மிதவையை ஊரார் 'பாதை' என்றே அழைப்பர். நீரின்மேல் செல்லும் பொருளுக்குப் பாதை என்று பெயரிட்ட மக்களின் தமிழை என்னவென்பது! பட்டிருப்புப் பாலத்தின் கீழ் நுழைந்து களுவாஞ்சிக்குடிச் சந்தையில் கறி வாங்கி, குருக்கள்மடம், அம்பிளாந்துறை என்று கரை மாறி மாறிச் செல்ல இரண்டு நாள் போகும். இடையில் சொல்லத்தக்க பெரிய காட்சி எதுவுமில்லை. வானமும் நீரும் நாரையுந்தான்.

நான்காம் நாள் கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கல் நந்தி பறங்கியர் முன் எழுந்து புல் தின்றது என்னும் கதையைக் குழந்தைகள் விரும்பிக் கேட்பர். ஆயின் அங்கே அவர்கள் கேட்க வேண்டிய வேறு கதையும் உண்டு. அருகிலுள்ள மகிழடித்தீவிலும் அதன் சுற்றிலும் 1987இலும் 1991இலும் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். பின்னர் 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையிலும் எழுவான்கரை அரசாங்கப் படையினர் கையிலும் இருந்தன. நாம் இன்பமாகத் தோணி விடும் இந்நீரே எல்லைக் கோடாயிற்று. நெல்லும் பாலும் தந்த கரைக்கும் அவற்றை வாங்கி உண்ட கரைக்கும் நடுவே சோதனைச் சாவடிகள் நின்றன. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை அங்கும் கடப்பதற்குப் பாதையே கதி. நகரத்திலே வளர்ந்து, எதிர்க்கரையில் விளக்கெரிவதைப் பார்த்தும் அங்கே ஒருமுறையேனும் கால் வைக்காத பிள்ளைகள் ஒரு தலைமுறை அளவு உண்டு. அவர்கள் இன்று பெற்றோராகிவிட்டனர். நான்காம் நாளை அவசரமாகக் கழிக்காதீர்கள். ஒரு நாள் கூடத் தங்கினாலும் குற்றமில்லை. எங்கு தங்கினாலும் கிராம உத்தியோகத்தருக்கும் கோயிலாருக்கும் முன்னரே சொல்லிவிடுங்கள். உட்புறத்தே காட்டு யானைத் தொல்லை உண்டாதலால் இரவில் தனியே வெளியேறலாகாது.

ஆறாம் இரவு பூரணையாக அமையுமாறு முதலிலேயே நாள் குறித்தல் வேண்டும். அதற்குக் காரணம் கல்லடி. 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் இங்கு வந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், நிலவொளியில் தோணியேறிச் சென்று, நீரின் அடியிலிருந்து எழுந்த மெல்லிய இசையைத் தம் காதால் கேட்டு எழுதிவைத்தார். மீனவர் அதனை ஊரியின் ஓசை என்றனர். உலகம் பாடும் மீன் என்கிறது. பின்னாளில் அமெரிக்க இயேசுசபைத் துறவி ஒருவர் அதனை ஒலிப்பதிவும் செய்தார். மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளுக்கு அது நீரரமகளிரின் இசையாயிற்று. 1947இல் வெளிவந்த யாழ்நூலில் அவர்களைப் பாடினார். அவ்வாண்டே மறைந்த அடிகளாரின் சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது. பகலிலே அதனைத் தரிசித்துவிட்டு இரவிலே தோணியை நிறுத்துங்கள். பழைய பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் திறந்தபின் வண்டி ஓசை மிகுதி. ஆகவே நள்ளிரவு கழியட்டும். துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி மறுமுனையில் காதை வையுங்கள். கேட்குமென்று யாரும் உறுதி கூற இயலாது.

ஏழாம் நாள் புளியந்தீவில் கோட்டை. போர்த்துக்கீசர் கட்டியதை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் பிடித்த முதற் கோட்டை அதுவே. நேரமிருந்தால் முகத்துவாரம் வரை சென்று கலங்கரை விளக்கத்தைப் பார்க்கலாம். கோடையில் மணல் திட்டு வாயை அடைத்திருக்கும். வெள்ளக் காலத்தில் வெட்டிவிடுவர். எப்படியிருந்தாலும் தோணியோடு கடலுக்குள் போக முயல வேண்டாம்.

கூலி பேசும்போது ஒன்றை மறவாதீர்கள். உங்கள் விடுமுறை நகரத்தில் முடிந்துவிடும். தோணிக்காரர் அதே கச்சானை எதிர்த்துக் கோலூன்றித் துறைநீலாவணைக்குத் திரும்ப வேண்டும். அந்த இரண்டு மூன்று நாட் கூலியையும் வழிச் சோற்றுக்கான பணத்தையும் புறப்படுமுன்னரே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.