எம்பிராய்டரி இயந்திரத்தில் நூல் அறுவது ஏன்? ஊசி உடைவது ஏன்? காரணங்களும் தீர்வுகளும்

ரவிக்கை, குழந்தைகளின் உடை, திரைச்சீலை ஆகியவற்றில் பூ வேலைப்பாடு செய்துகொடுப்பது நாட்டின் பல நகரங்களில் வீட்டிலிருந்தே நடைபெறும் சிறுதொழிலாக உள்ளது. வீட்டு உபயோகத்துக்கான கணினி எம்பிராய்டரி இயந்திரத்தை ஜப்பானின் ஜனோம் நிறுவனம் 1990-இல் அறிமுகப்படுத்தியது. அதன்பின் பல நிறுவனங்களின் இயந்திரங்கள் சந்தைக்கு வந்துள்ளன.

எனினும், இவற்றைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் சந்திக்கும் இடையூறுகள் ஒரே வகையானவை. மேல்நூல் அடிக்கடி அறுகிறது, துணியின் அடியில் நூல் சிக்கிக் குவிகிறது, ஊசி உடைகிறது. புடவையுடன் இணைந்து வரும் ரவிக்கைத் துணிக்கு மாற்றுத் துணி கிடைப்பது அரிது. பட்டில் விழுந்த தையலைப் பிரித்தெடுத்தாலும் ஊசி இறங்கிய துளைகள் எளிதில் மறைவதில்லை. எனவே, தையல் பாழாவதற்கு முன்பே கோளாறின் காரணத்தை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

தையல் உருவாகும் விதம்

எம்பிராய்டரி இயந்திரம் மேல்நூல், பாபின் நூல் என இரு நூல்களைக் கொண்டு தைக்கிறது. துணியைத் துளைத்துக் கீழிறங்கும் ஊசி சற்று மேலெழும்போது, அதன் பின்புறத்தில் நூல் ஒரு சிறு கண்ணியாக விரிகிறது. சுழலும் கொக்கி அக்கண்ணியைப் பற்றி, பாபினைச் சுற்றிக் கொண்டுசெல்கிறது. பின்னர் மேலுள்ள நெம்புகோல் நூலை இழுக்க, முடிச்சு இறுகுகிறது.

இவ்வாறு மேலும் கீழும் இழுபடுவதால், நூலின் ஒரே பகுதி துணியில் பதிவதற்கு முன் ஊசியின் கண் வழியே பலமுறை உரசிச் செல்கிறது. வீட்டு இயந்திரங்கள் பொதுவாக நிமிடத்துக்குச் சில நூறு தையல்களை இடுகின்றன. இவ்வேகத்தில் ஊசியின் கண்ணிலோ முனையிலோ உள்ள மிகச் சிறிய பிசிறும் நூலைச் சிராய்த்து அறுத்துவிடும்.

முதலில் நூல் கோத்தல்

நூல் சார்ந்த எந்தக் கோளாறாயினும், முதலில் மேல்நூலை முழுவதுமாக எடுத்துவிட்டு மீண்டும் கோப்பதே சரியான தொடக்கம். அவ்வாறு கோக்கும்போது துணியை அழுத்தும் பிரஷர் ஃபுட் மேலே தூக்கப்பட்டிருக்க வேண்டும். அது மேலே இருக்கையில்தான் டென்ஷன் தட்டுகள் விரிந்து நூலை உள்ளே ஏற்கும். ஃபுட் கீழே இருக்கும்போது கோத்தால், நூல் தட்டுகளுக்கு வெளியே தங்கிவிடும்.

இதனைச் சோதிப்பது எளிது. ஊசிக்கு அருகே நூலைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான இயந்திரங்களில் ஃபுட் மேலே இருக்கும்போது நூல் தடையின்றி வரும். கீழே இறக்கியதும் இறுக்கம் தெரியும். இவ்வேறுபாடு தெரியவில்லையெனில், நூல் தட்டுகளுக்குள் அமரவில்லை என்று பொருள்.

நூல் உருளையையும் கவனிக்க வேண்டும். உருளையின் விளிம்பில் நூல் முனையைச் செருகுவதற்காக உள்ள வெட்டில் ஓடும் நூல் சிக்கினால், திடீரென இறுகி அறும்.

ஊசியைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஊசி வளைந்திருப்பதோ மழுங்கியிருப்பதோ கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அதன் தட்டையான பக்கத்தைக் கண்ணாடிப் பரப்பின்மீது வைத்துப் பார்த்தால், ஊசிக்கும் கண்ணாடிக்கும் இடையிலான இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். ஏறத்தாழ 8 மணி நேரத் தையலுக்கு ஒருமுறை ஊசியை மாற்றுவது நல்லது எனப் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

சாதாரணத் தையல் ஊசியைவிட எம்பிராய்டரி ஊசியின் கண் பெரியது. உறையின்மீது 75/11 என்று குறிப்பிட்டிருந்தால், ஊசித் தண்டின் விட்டம் 0.75 மில்லிமீட்டர் என்று பொருள். பொதுவாகப் பயன்படும் 40 எண் எம்பிராய்டரி நூலுக்கு இது ஏற்றது. தடித்த துணிக்கு 90/14 பொருந்தும். நூலின் எண்ணில் இதற்கு நேர்மாறான கணக்கு உள்ளது. எண் கூடினால் நூல் மெலியும். எனவே, 60 எண் நூலுக்கு 65/9 போன்ற மெல்லிய ஊசி வேண்டும்.

வீட்டு இயந்திர ஊசியின் மேற்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பெரும்பாலான மாதிரிகளில் அத்தட்டைப் பக்கம் பின்னோக்கி இருக்குமாறு பொருத்த வேண்டும். ஊசியை முட்டும் வரை மேலே தள்ளிய பிறகே திருகை இறுக்க வேண்டும். சிறிது கீழிறங்கியிருந்தாலும் கொக்கியால் கண்ணியைப் பற்ற இயலாமல் தையல் தவறும். தொழிற்சாலை இயந்திரங்களுக்கான உருண்டை அடி கொண்ட ஊசிகளை வீட்டு இயந்திரங்களில் பயன்படுத்தக் கூடாது.

அடியில் நூல் குவிந்தால்

துணியின் அடியில் நூல் குவிந்தால் பாபினில்தான் கோளாறு எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால், பெரும்பாலும் காரணம் மேல்நூலே. டென்ஷன் தட்டுகளில் அமராத மேல்நூலை நெம்புகோலால் முழுமையாக மேலிழுக்க முடிவதில்லை. மிஞ்சிய நூல் அடியில் தங்கிச் சிக்கலாகிறது.

அந்நிலையில் இயந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும். துணியை வலிந்து இழுத்தால் துணி கிழிவதோடு, ஊசியும் கொக்கியும் சேதமடையக்கூடும். மின்இணைப்பைத் துண்டித்து, மேல்நூலை வெட்டி, துணிக்கும் ஊசித்தட்டுக்கும் இடையே சிறு கத்தரியைச் செலுத்திச் சிக்கலைச் சிறிது சிறிதாக வெட்டியெடுக்க வேண்டும். பின்னர் ஊசித்தட்டையும் பாபின் கேஸையும் கழற்றி, எஞ்சிய நூல் துணுக்குகளைத் தூரிகையால் அகற்ற வேண்டும். வாயால் ஊதினால் தூசி உட்புறம் செல்வதோடு ஈரமும் படியும்.

மேற்பரப்பில் பாபின் நூல் தெரிந்தால்

பூ வேலைப்பாட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகளாகப் பாபின் நூல் தெரிந்தால், மேல்நூல் அதிகமாக இறுகியுள்ளது அல்லது பாபின் நூல் தனக்குரிய வில்தகட்டின் கீழ் செல்லவில்லை எனக் கொள்ளலாம். தகட்டினடியில் பஞ்சு சேர்ந்தாலும் இவ்வாறு நிகழும்.

துணியின் பின்புறமே இதற்கு நம்பகமான அளவுகோல். நெருக்கமாக நிரப்பிய பட்டைத் தையலின் பின்புறத்தில் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும், இருபுறமும் மேல்நூலும் தெரிந்தால் இழுவிசை சரியாக உள்ளது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் பாபின்கள் உயரத்தில் வேறுபடக்கூடும் என்பதால், கையேட்டில் குறிப்பிட்ட வகையை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

நூலின் தன்மை

ரேயான் நூல் பளபளப்பு மிக்கது; ஆனால் ஈரமானால் வலுவிழக்கும். பாலியெஸ்டர் நூல் அதைவிட உறுதியானது. வெயில் படும் இடத்தில் நெடுநாள் வைத்த நூல் நைந்துவிடும். ஓரடி நீள நூலை இருகைகளாலும் இழுக்கும்போது எளிதில் அறுந்தால், அதனைத் தவிர்ப்பதே நலம்.

சரிகைத் தோற்றம் தரும் மெட்டாலிக் நூலில் உள்ளிழையைச் சுற்றி மெல்லிய பளபளப்பான படலம் இருக்கும். ஊசிக்கண்ணில் உரசினால் படலம் பிரிந்து நூல் அறும். பெரிய கண்ணுள்ள 90/14 ஊசி, குறைந்த வேகம், தளர்வான மேல் டென்ஷன் ஆகிய மூன்றும் இதற்குத் தேவை.

ஊசி உடைவதற்கான காரணங்கள்

துணியைப் பொருத்தும் வளையத்தின்மீது ஊசி மோதுதல், ஊசித் திருகு தளர்தல், தைக்கும்போது துணியைக் கையால் இழுத்தல், ஒரே இடத்தில் தையல்கள் அளவுக்கு மீறி அடுக்கப்படுதல் ஆகியவை முக்கியக் காரணங்கள். துணி வளையத்தில் தளர்வாக இருந்தாலும், அடியில் ஸ்டெபிலைசர் தாள் வைக்காவிட்டாலும் துணி ஊசியுடன் சேர்ந்து மேலும் கீழும் அசையும். இதனால் தையல் தவறி, நூலும் அறும்.

ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்த பிறகே இயந்திரத்தை இயக்க வேண்டும். உள்ளே தங்கும் துண்டு கொக்கியைக் கீறிவிடும். துணியில் தங்கும் துண்டு அணிபவரைக் குத்தும்.

எப்போது பழுதுநீக்குநரை அணுகலாம்?

நூலை மீண்டும் கோத்தல், புதிய ஊசி பொருத்துதல், பாபினைச் சரியாக அமர்த்துதல், பஞ்சை அகற்றுதல், வேறு நூலைப் பயன்படுத்துதல் ஆகியவற்றை இதே வரிசையில் செய்து பார்க்க வேண்டும். டென்ஷனை மாற்றுவது இவற்றுக்குப் பிறகே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் காரணம் எதுவெனப் புலப்படும். ஒவ்வொரு முறையும் அதே வகைத் துண்டுத் துணியில் சோதித்துப் பார்த்த பிறகே வாடிக்கையாளரின் துணியை வளையத்தில் பொருத்த வேண்டும்.

இவை அனைத்துக்குப் பிறகும் தையல் தவறினால், ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம் பிசகியிருக்கக்கூடும். ஊசித்தட்டிலோ கொக்கியிலோ கீறல் இருந்தாலும் இவ்வாறு நிகழும். இவற்றைச் சரிசெய்யத் தனிக் கருவிகளும் பயிற்சியும் தேவை என்பதால், பயிற்சி பெற்ற பழுதுநீக்குநரிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பானது.